மரக் கிளிப்பில் ஒரு கொலு

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ அடுக்கு மாடி வீடுகளை அண்ணாந்து நோக்குவோர்க்கு முதலிற் கண்ணிற் படுவன கொடிகளில் உலரும் துணிகளே. அத்துணிகளைக் காற்று அடித்துக்கொண்டு போகாதபடி கவ்வி நிற்கும் சிறு கிளிப்புகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. நம் ஊரில் கொல்லைக் கொடியிலும் வேலியின் மீதும் துணி உலர்த்திய காலத்தில் அவற்றிற்கு அவ்வளவு வேலையும் இருக்கவில்லை. வேட்டியும் புடைவையும் தம் நீளத்தினாலேயே கொடியில் தங்கி நின்றன. நான்காம் மாடியிற் குடியேறி, கீழே பறந்து விழுந்த ஒரு துண்டை எடுக்கப் படியெல்லாம் இறங்கி ஏறிய பிறகுதான் கிளிப்பின் அருமை நம்மில் பலருக்குத் தெரிய வந்தது.

இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகள். அவை வெயிலில் வெளுத்து, ஒருநாள் விரல் பட்டவுடன் முறிந்து போகின்றன. மரக் கிளிப்புகளும் மறைந்து விடவில்லை. கடைகளிலும் இணைய வழியாகவும் டஜன் கணக்கிற் கிடைக்கின்றன. ஆயினும் நாம் இங்கே பேச வந்தது துணி உலர்த்துவதைப் பற்றியன்று. அந்த மரக் கிளிப்பைப் பிரித்து, அதன் துண்டுகளைக் கொண்டு வீட்டுக்கு அழகூட்டும் பொருள்களை, சிறப்பாகக் கொலுவில் வைக்கத்தக்க பொம்மைகளைச் செய்யும் வகையைப் பற்றியே பேச வந்தோம்.

இது எங்களுக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். 2011ஆம் ஆண்டு நாங்கள் சென்னையிலிருந்து மும்பைக்குக் குடிபெயர்ந்தோம். சாமான்களை ஏற்றி வந்தவர்கள் எங்கள் கொலுப் பொம்மைப் பெட்டியைத் தலைகீழாக இறக்கினார்கள். திறந்து பார்த்தபோது தசாவதாரத்தில் மச்சமும் கூர்மமும் தப்பியிருந்தன. வாமனரின் குடை மட்டும் கிடைத்தது, வாமனரைக் காணவில்லை. மூன்று தலைமுறையாகச் சேர்த்த மண் பொம்மைகள் ஒரு முறத்தில் அள்ளும் ஓடுகளாகிவிட்டன. புடைவை மூட்டைக்குள் வைத்திருந்த மரப்பாச்சி இணை ஒன்றே முழுமையாக வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு நவராத்திரிக்கு எங்கள் அன்னையார் ஒரு முக்காலியின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அந்த இரண்டு மரப்பாச்சிகளையும் நிறுத்தி, சுண்டலும் நிவேதனம் செய்துவிட்டார். கொலு நிற்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெற்றிலை பாக்குக்கு யாரையும் அழைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சில நாள் சென்று, சுருள்வில் கழன்று போன ஒரு மரக் கிளிப்பின் இரு பாதிகளைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர், அவற்றை முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்து, "இதோ பார், கழுத்தும் இடுப்பும் தானே வந்திருக்கின்றன" என்றார். நாங்கள் பின்னர் செய்தவை யாவும் அந்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்தவையே.

அவர் கண்டது என்ன என்பதை நேயர்கள் ஒரு கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும். கிளிப் என்பது ஏறக்குறைய 3 அங்குல நீளமுள்ள இரண்டு ஒத்த மரத் துண்டுகளும், அவற்றை இணைக்கும் ஒரு கம்பிச் சுருளுமே. துணியைக் கவ்வும் முனையை வாய் என்றும், நாம் விரலால் அழுத்தும் முனையை வால் என்றும் வைத்துக்கொள்வோம். துண்டின் வெளிப்பக்கம், கம்பியின் கால் படியும் சிறு பள்ளம் ஒன்றைத் தவிர, தட்டையானது, அது முதுகு. உட்பக்கம் அப்படியன்று. வாயை அடுத்துக் கொடிக்கயிறு அடங்குவதற்கு ஒரு வளைந்த பள்ளம். நடுவில் சுருள்வில் உட்கார மற்றொரு பள்ளம். அதற்குப் பின் வாலை நோக்கி மரம் சரிந்து மெலிந்துகொண்டே போகும். இச்சரிவு இல்லையேல் வாலை அழுத்தினாலும் வாய் திறவாது. இவையெல்லாம் துணிக்காக வெட்டப்பட்டவை. ஆனால் இரு பாதிகளையும் முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டால், முதற்பள்ளம் இருபுறமும் கழுத்தாகிறது; நடுப்பள்ளம் இடுப்பாகிறது; வாய்முனை தலையாகிறது; சரிந்த வால் நீண்ட கால்களாகிறது. உளி படாமலே ஓர் உருவம் எழுந்து நிற்கிறது.

இந்தச் சுருள்வில் கிளிப்பின் பிறப்பிடம் அமெரிக்கா. வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் என்பவர் 1853இல் வில் பொருத்திய கிளிப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1887இல் அதே மாநிலத்தவரான சாலன் மூர், ஒரே கம்பியைச் சுருட்டி வில்லாகவும் அச்சாகவும் பயன்படுமாறு அமைத்தார். நம் கொடியில் இன்று தொங்குவது அவ்வழி வந்ததே. பிலடெல்பியா நகரின் நடுவில் கிளேஸ் ஓல்டன்பர்க் என்னும் சிற்பி 1976இல் 45 அடி உயரத்தில் எஃகினால் ஒரு கிளிப்பை நிறுத்தியும் வைத்திருக்கிறார். இதற்கெல்லாம் முற்பட்டது வில்லே இல்லாத கிளிப். இங்கிலாந்தில் ஜிப்சிகள் எனப்பட்ட நாடோடி மக்கள் மரக்கிளையைச் சீவி, நடுவே பிளந்து, பிளவு மேலே ஓடாதபடி தகரப் பட்டை கட்டி வீடு வீடாக விற்றனர். கடைசல் பிடித்த உருண்டைத் தலையும் இரண்டு காலுமாக வந்த கிளிப்புகளுக்கு அந்நாட்டுக் குழந்தைகள் கந்தல் சுற்றிப் பொம்மையாக்கி விளையாடினார்கள். மரத்துண்டுக்கு உடை உடுத்தி உயிர் கொடுப்பது நமக்கும் புதிதன்று. செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிக்கு நம் பெண்கள் காலங்காலமாகப் புடைவை கட்டி வந்திருக்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். முடிச்சும் சிராய்ப்பும் இல்லாத, நிறம் ஒத்த கிளிப்புகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். மூங்கிலில் செய்தவையும் கடையில் வரும். அவை உறுதியானவை, ஆனால் முதுகு வழவழப்பாயிருந்தால் பசை எளிதில் பிடிக்காது. மழையில் நனைந்து கறுத்த பழைய கிளிப்புகளையும் எறிந்துவிட வேண்டுவதில்லை. இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்து, உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளிருக்கும் வெண்மரம் வெளிப்படும்.

கிளிப்பைப் பிரிக்கும்போது வாயை அகலத் திறந்து இழுக்கலாகாது. சுருள்வில் துள்ளிக் கண்ணிற் படக்கூடும். இரு பாதிகளையும் ஒன்றற்கு ஒன்று பக்கவாட்டில் நழுவுமாறு திருகினால், ஒரு பாதி மெல்லக் கழன்று வரும்; பிறகு மற்றது. இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கழற்றிய வில்களை உடனுக்குடன் ஒரு டப்பாவிற் போட்டு மூடுவது நன்று. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது இன்றியமையாதது.

பசையைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். முற்காலத்தில் நம் தச்சர்கள் வச்சிரத்தைக் காய்ச்சிச் சூட்டோடு பூசினார்கள். 1959இல் ஃபெவிகால் வந்த பிறகு வெள்ளைப் பசை எங்கும் பரவிவிட்டது. வெள்ளைப் பசைக்கு இரண்டு குணங்கள் உண்டு. மரத்தின் நாரில் ஊறிப் பிடிப்பதால் மிக உறுதியாக நிற்கும். ஆனால் ஊறுவதற்கும் உலர்வதற்கும் பொழுது வேண்டும். எங்கள் முதல் முயற்சியில் இதை மதிக்கவில்லை. மழைக்காலத்து மும்பையில், ஒட்டிய மாலையே வண்ணம் தீட்டி மாட்டினோம். விடியற்காலையில் பாதித் துண்டுகள் தரையிற் கிடந்தன. ஒரு முழு நாள், மழைக்காலமாயின் இரண்டு நாள், காத்திருப்பதே முறை. பசையும் மிகுதியாக வேண்டா. முதுகில் மெல்லிய கோடாக இட்டு விரலால் பரப்பினாற் போதும். ஒட்டிய பாதிகளை உலரும் வரை இறுகப் பிடிக்க என்ன செய்வது என்று கேட்கலாம். பிரிக்காத கிளிப்புகள் இருக்கின்றனவே! கழுத்துப் பக்கம் ஒன்றும் வால் பக்கம் ஒன்றுமாக மாட்டிவிட்டால் தச்சன் பட்டறையின் பிடிப்புக்கருவி செய்யும் வேலையை அவையே செய்துவிடும்.

முதலில் ஒரு தாமரை செய்து கை பழகிக்கொள்ளலாம். 8 கிளிப்புகளைப் பிரித்து, முதுகோடு முதுகு ஒட்டினால் 8 இதழ்கள் கிடைக்கும். பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து, அதன் மேல் நான்கு இதழ்களைக் கூட்டல் குறிபோல் வைத்து, மெலிந்த வால்கள் நடுவிற் கூடுமாறு ஒட்ட வேண்டும். அவை உலர்ந்த பிறகே இடைவெளிக்கு ஒன்றாக மற்ற நான்கையும் செருக வேண்டும். எட்டையும் ஒருங்கே சேர்க்க முனைந்தால் ஒன்று நேராகும்போது மற்றொன்று கோணும். பின்புறம் ரூபாய் நாணய அளவில் ஓர் அட்டையை வெட்டி ஒட்டினால் நடுப்பகுதி தளராது. குளிர் நாடுகளில் இதையே வெள்ளை பூசிப் பனித்துகள் என்று கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுகிறார்கள். இயற்கையில் பனித்துகளுக்கு ஆறு கைகள்தாம். எட்டுக் கை அதற்குப் பொருந்தாது. நம் இருதய கமலக் கோலத்துக்கோ எட்டுக் கை! ஆகவே இவ்வுருவம் பனியைவிடத் தாமரைக்கே உரியது என்பது எங்கள் துணிபு. இதழ்களின் நுனியில் மட்டும் இளஞ்சிவப்பு இட்டு, உட்புறத்தை மரத்தின் நிறத்திலேயே விட்டால் கண்ணுக்கு இனிமையாயிருக்கும்.

அடுத்தது பொம்மை. முதுகோடு முதுகு ஒட்டி உலர்ந்த ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். கழுத்தும் இடுப்பும் தெரியும் பக்கமே முன்பக்கம். அங்கே இரு பாதிகளும் கூடும் இணைப்புக் கோடு முகத்தின் நடுவே ஓடும். அப்படியே விட்டால் முகம் இரண்டாகப் பிளந்தாற்போல் தோன்றும். இதற்கு ஒரு பழைய வழி உண்டு. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபல்லியில் பொனிகி என்னும் மெல்லிய மரத்தில் உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கும் கலைஞர்கள், அவற்றைப் புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த விழுதினால் இணைத்து, இணைப்புத் தெரியாமல் மெழுகுகிறார்கள். நாமும் உப்புத்தாளில் தேய்த்தபோது உதிர்ந்த மரத்தூளை வீணாக்காமல் வெள்ளைப் பசையுடன் குழைத்து அக்கோட்டில் நிரப்பலாம். உலர்ந்தபின் மீண்டும் தேய்த்தால் முகம் ஒன்றாகிவிடும். தலை சதுரமாயிருப்பதைப் பொருட்படுத்தாதவர்கள் அவ்வாறே விடலாம். உருண்டைத் தலையே வேண்டுமென்போர் கழுத்துக்கு மேலுள்ள பகுதியை மூலை மழுங்கத் தேய்த்துக்கொள்ளலாம். மணியொன்றைத் தலையாக ஒட்டுவோரும் உண்டு. அது எங்களுக்கு உவப்பில்லை. தலை வேறு, உடல் வேறு என்று தனித்து நிற்கும்.

வால்முனை மெலிந்திருப்பதால் பொம்மை தானாக நில்லாது. தடித்த தாளைக் கூம்பாகச் சுருட்டி, இடுப்பிலிருந்து பாதம் வரை பாவாடைபோல் மாட்டி, அடியில் வட்ட அட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் உறுதியாக நிற்கும். புடைவையின் கொசுவத்துக்கும் அக்கூம்பு தாங்கலாக அமையும்.

புடைவைக்குப் புதுத் துணி வாங்க வேண்டா. கிழிந்த பட்டுப் புடைவையின் கரையில் 2 அங்குல அகலமும் ஒரு சாண் நீளமும் இருந்தாற் போதும். கரை கீழே வரும்படி இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னே நான்கு கொசுவம் மடித்து, நூலால் கட்டி, எஞ்சிய தலைப்பைத் தோள்மேற் கொண்டு சென்று பின்னால் ஒரு சொட்டுப் பசையில் நிறுத்த வேண்டும். கொசுவத்தைப் பசையிட்டு ஒட்டினால் துணி விறைத்து அட்டைபோல் ஆகிவிடும், நூற்கட்டே தகும். ஆண் பொம்மைக்கு வெள்ளைத் துணியில் வேட்டி, மேலே ஓர் அங்கவஸ்திரம். இருவருக்கும் முன்னே தீப்பெட்டியை அடுக்கிப் பலகையாக்கி, அரிசி, துவரை, மிளகு ஆகியவற்றைப் புட்டி மூடிகளில் இட்டு வைத்தால் கொலுவில் தவறாது இடம் பெறும் செட்டியாரும் அவர் மனைவியும் கடையோடு வந்துவிட்டார்கள்.

கண்ணுக்கு இரண்டு புள்ளி, நெற்றிக்கு ஒரு பொட்டு, வாய்க்குச் சிறு கோடு. இவ்வளவே போதும். மூக்கு எழுதப் புகுந்தால் பெரும்பாலும் முகம் கெட்டுவிடும். தூரிகையைவிடத் தீக்குச்சியின் மறுமுனையில் வண்ணம் தொட்டு வைப்பது குழந்தைகளின் கைக்கு அடக்கமானது.

எங்கள் மகள் அப்போது ஆறு வயதுச் சிறுமி. மும்பையிலேயே பள்ளியிற் சேர்ந்தவள். முதல் பொம்மையைப் பார்த்தவுடன், "பாட்டி, இந்த ராணிக்கு ஏன் கையே இல்லை?" என்று கேட்டாள். அன்னையார் மறுமொழி சொல்லவில்லை. மரப்பாச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதன் கைகள் உடலோடு ஒட்டியே செதுக்கப்பட்டிருப்பதை அவள் தடவிப் பார்த்தாள். மரம் எதைத் தருகிறதோ அதற்குள் உருவத்தை அடக்குவதே மரப்பொம்மை செய்வோரின் வழக்கம். மேற்கு வங்கத்தில் வர்த்தமான் பக்கத்து நதுன்கிராமத்தில் செய்யும் மர ஆந்தையைக் கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் கண்டிருப்பார்கள். அதன் சிறகுகள் விரிவதில்லை, வண்ணக் கோடுகளாகவே உடலில் அடங்கியிருக்கும். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னபட்டணத்தில் எல்லாம் கடைசலின் உருட்சிக்கு அடங்கும். சுழலும் மரத்தின் மேல் அரக்கு வண்ணத்தை அழுத்தியே நிறமேற்றுகிறார்கள். நாம் குடியேறிய மாநிலங்களின் இப்பொம்மைகளை ஒன்றிரண்டு வாங்கிக் கொலுவிற் சேர்ப்பதும் பொருத்தமானதே. ஆகையால் கிளிப் பொம்மைக்குக் கம்பியிலோ குச்சியிலோ கை வைக்க முயல வேண்டா. தலைப்பே தோளை மறைத்துவிடும்.

பிரிக்காத கிளிப்புகளுக்கும் ஒரு வேலை உண்டு. 12 உயிரெழுத்துகளுக்கும் 18 மெய்யெழுத்துகளுக்கும் ஆய்தத்துக்குமாக 31 கிளிப்புகளின் முதுகில் எழுத்துக்கு ஒன்றாக எழுதி, கொலுப்படியின் குறுக்கே கட்டிய வண்ணக் கயிற்றில் மாட்டினால் எழுத்துத் தோரணமாகும். வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் தமிழ் எழுத்தைக் காணாத குழந்தைகள், ககர மெய்யும் ஆகாரமும் உள்ள கிளிப்புகளைக் கழற்றி, ஒரே அட்டையில் மாட்டி, அவ்வட்டையில் 'கா' என்று எழுதிப் பார்க்கலாம்.

நெருப்பைப் பற்றி எச்சரிக்க வேண்டியது நம் கடமை. உலர்ந்த மரம், தாள், பட்டு இம்மூன்றும் கூடியவை இப்பொம்மைகள். குத்துவிளக்கு எரியும் படிக்கு மேற்படியிலோ, அகல் விளக்கின் அருகிலோ இவற்றை வைக்கலாகாது. தாமரையை விளக்குக்கு அடித்தட்டாக வைப்பது பார்வைக்கு அழகுதான். அதைச் செய்யவே கூடாது. கொதிக்கும் பாத்திரம் இறக்கும் வட்டாகவும் அது உதவாது. வெள்ளைப் பசை சூட்டில் இளகிவிடும்.

இரண்டாம் ஆண்டு எங்கள் கொலு மூன்று படிகளில் நின்றது. மேற்படியில் மரப்பாச்சி இணையும் தப்பிய மச்ச கூர்மங்களும். மற்ற இரண்டிலும் அன்னையாரும் பேத்தியும் செய்த பதினாறு கிளிப் பொம்மைகள். மாடியிலிருந்த மராட்டியக் குடும்பத்தாரும், எதிர் வீட்டுக் குஜராத்திப் பெண்மணியும், அடுத்த கட்டடத்துத் தமிழர்களும் வெற்றிலை பாக்குக்கு வந்தார்கள். குஜராத்திப் பெண்மணி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பின்னர் அதற்குப் பாவாடையும் ஓடனியும் மாற்றி, கர்பா ஆடுபவளாக்கித் தம் வீட்டில் வைத்திருந்ததைக் கண்டோம்.

கொலு முடிந்தபின் இவற்றைப் பாதுகாக்கும் முறை எளியது. துணியில் ஈரமில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பொம்மை ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலை இட்டு, அட்டைப் பெட்டியில் நிறுத்தி வைக்கலாம். படுக்க வைத்தால் கூம்பு நசுங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். விஜயதசமி இரவு மட்டும், பெட்டியில் அடுக்குமுன், வழக்கப்படி ஒரு பொம்மையையேனும் படியில் படுக்க வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு மரப்பாச்சியைப் படுக்க வைப்போம். அன்னையார் மறைந்த ஆண்டிலிருந்து எங்கள் மகள் அவர் செய்த அந்த முதல் ராணியை எடுத்து, கூம்பு நசுங்காதபடி கீழே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்து, அதன் மேல் கிடத்துகிறாள்.